ஆட்டின் மூக்கில் ஒரு பஞ்சுக்குச்சி

மார்கழி, தை மாதங்களில் ஆட்டுக்கு மூக்கு ஒழுகினால் கிராமத்தில் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. 'பனிக்குத் தும்முது' என்று சொல்லிவிட்டு, கொட்டிலைச் சுற்றிச் சாக்குப் படுதா கட்டிவிடுவார்கள். மிளகையும் மஞ்சளையும் தட்டி, வெற்றிலையில் மடித்து ஆட்டின் வாயில் திணிப்பார்கள். பெரும்பாலும் நாலைந்து நாளில் சளி போய்விடும். போகாத தடவைதான் ஒரு குடும்பத்தின் வருஷக் கணக்கையே புரட்டிப் போட்டுவிடும்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் காட்டில் ஒரு சிற்றூர். உளுந்து, கம்பு, மிளகாய் என்று மழையை நம்பிய வெள்ளாமை. மாசி பிறந்துவிட்டால் காட்டில் வேலை இருக்காது. அதன்பிறகு வீட்டுச் செலவுக்குக் கை கொடுப்பது ஆடுதான். அந்த ஊரில் 'ஆட்டுக்காரம்மா' என்றால் எல்லோருக்கும் தெரியும். வயது ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. மகன் பக்கத்து டவுனில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறார். மகள் நர்ஸிங் படிக்கிறார். அந்தப் படிப்புக்கான பணம் முழுவதும் கொட்டிலில் நிற்கும் கொடி ஆடுகளில்தான் இருந்தது.

போன தை மாதம் அவரிடம் 19 உருப்படி இருந்தன. 2 கிடா, வளர்ந்த பெட்டை 7, ஐந்து மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள்ளான இளம் ஆடுகள் 10. மகளிர் குழுவில் வாங்கிய கடனில் சனிக்கிழமைச் சந்தைக்குப் போய் இன்னும் 2 குட்டிகளைப் பிடித்து வந்தார். நல்ல உயரம், நல்ல காது, பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். வந்த அன்றே இரண்டும் மற்ற ஆடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தன.

ஐந்தாம் நாள் அதில் ஒரு குட்டி தும்மியது. கண்ணில் நீர் வடிந்தது. மூக்கில் தண்ணீர்போல ஒழுகியது. வழக்கம்போல மிளகும் மஞ்சளும் போனது. மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி மகன் ஊசியும் போட்டுப் பார்த்தார். மூன்று நாளில் சளி மஞ்சளாகக் கெட்டியானது. மூக்குத் துளை அடைத்துக்கொள்ள, குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஈறில் தவிடு ஒட்டியதுபோல வெள்ளை படர்ந்து, வாய் நாற்றம் அடித்தது. அடுத்து கழிச்சல். அந்தக் குட்டி இறப்பதற்குள் இன்னும் ஆறு இளம் ஆடுகள் தும்மத் தொடங்கிவிட்டன.

"இது ஆட்டுக்கொல்லியா இருக்காதும்மா"

மகன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு ஊரில் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முகாம் நடந்தபோது இவர்கள் வீட்டு ஆடுகளுக்கும் ஊசி போட்டிருந்தார்கள். "ஊசி போட்டாச்சுல்லா, பின்ன எப்படி வரும்? இது பனிச்சளிதான்" என்பது அவர் வாதம்.

கால்நடை மருந்தகத்திலிருந்து டாக்டரம்மா வந்து பார்த்தார். காய்ச்சல் 105 டிகிரி ஃபாரன்ஹீட். ஆரோக்கியமான வெள்ளாட்டுக்கு 102, 103 இருக்கும். கொட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் ஒரு கேள்விதான் கேட்டார். "நோவு கண்ட ஆடு எல்லாம் முகாமுக்குப் பிறகு பிறந்ததா?"

ஆட்டுக்காரம்மா விரல் விட்டு எண்ணினார். ஆமாம். 2 கிடாவும் 7 பெட்டையும் ஒரு தும்மல்கூட இல்லாமல் நின்றன. படுத்திருந்தவை எல்லாம் இளசுகள், அதோடு சந்தையிலிருந்து வந்தவை.

"எனக்கு ஆட்டுக்கொல்லின்னுதான் தோணுது. ஆனா தோணுறதை மட்டும் வச்சு மேல எழுத முடியாது. நிமோனியா சளியும் இப்படித்தான் ஆரம்பிக்கும். மூக்குல சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பணும்" என்றார் டாக்டரம்மா.

"சாகப்போற ஆட்டுக்கு டெஸ்ட் எதுக்கு டாக்டரம்மா? ரிசல்ட் வர்றதுக்குள்ள அது செத்துரும். நல்ல ஊசியாப் பார்த்துப் போடுங்க" என்றார் மகன்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆட்டுக்கொல்லிக்குக் காரணம் வைரஸ். அந்த வைரஸைக் கொல்ல ஊசி கிடையாது. நுரையீரலில் பாக்டீரியா சேர்ந்து நிமோனியா முற்றாமல் தடுக்க ஆன்டிபயாடிக் போடலாம், கழிச்சலில் போகிற நீரை ஈடுகட்டலாம், வாய்ப்புண்ணைக் கழுவிக் கஞ்சி புகட்டலாம். டாக்டரம்மா அதையெல்லாம் அன்றே தொடங்கிவிட்டார். பரிசோதனை முடிவு வந்தாலும் அந்த ஆட்டுக்கான வைத்தியம் மாறப்போவதில்லை. மாறப்போவது மற்ற ஆடுகளின் கதி. பக்கத்துக் கொட்டிலில், பக்கத்து ஊரில், அடுத்த சந்தையில் நிற்கிற ஆடுகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த மூக்குச்சளிதான் சொல்ல முடியும்.

எந்த ஆட்டில் எடுப்பது?

ரொம்பவும் மோசமாகப் படுத்திருந்த ஆட்டை மகன் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா அதிலும் எடுத்தார். ஆனால் அவர் தேடிப் பிடித்தது, அன்றோ முந்தின நாளோ காய்ச்சல் கண்டு, மூக்கில் இன்னும் தண்ணீர்ச் சளியே ஒழுகிக்கொண்டிருந்த மூன்று ஆடுகளை. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்களில்தான் மூக்குநீரிலும் கண்ணீரிலும் எச்சிலிலும் வைரஸ் ஏராளமாக இருக்கும். நாள் ஆக ஆக உடம்பு எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்கும், வைரஸ் குறையும். சளி கெட்டியாகிக் காய்ந்த ஆட்டில் எடுத்தால், நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வர வாய்ப்பு உண்டு.

எடுக்கும் முறை எளிதுதான். ஒருவர் ஆட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, மூக்கின் வெளியே ஒட்டியிருக்கும் அழுக்கைத் துடைத்துவிட்டு, பஞ்சுக்குச்சியைத் துளைக்குள் மெதுவாக விட்டு, உட்சுவரை ஒட்டி நாலைந்து சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். 2020-ல் கொரோனாவுக்கு மனிதர்களுக்கு எடுத்ததுபோல மூக்கின் அடிவரை குத்தத் தேவையில்லை. கண்ணோரத்திலும் இன்னொரு குச்சியால் ஒற்றி எடுத்தார். ஒவ்வோர் ஆட்டுக்கும் கையுறையை மாற்றினார். ஒரே கையுறையோடு அடுத்த ஆட்டைத் தொட்டால், இந்த ஆட்டின் வைரஸ் அந்த ஆட்டின் மாதிரியில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் குச்சி வீட்டில் காது குடைகிற குச்சி இல்லை. செயற்கை இழை முனையும் பிளாஸ்டிக் தண்டும் கொண்டது. மரத்தண்டில் உள்ள சில பொருள்கள் பி.சி.ஆர். பரிசோதனையின் வேதிவினையைத் தடுக்கக்கூடும். எடுத்த குச்சியை உலர விடாமல், இளஞ்சிவப்புத் திரவம் இருந்த சிறு குப்பியில் போட்டு முனையை உடைத்து மூடினார். வைரஸைக் குலையாமல் காப்பதும், கூடவே வந்த பாக்டீரியா பெருகாமல் தடுப்பதும் அந்தத் திரவத்தின் வேலை.

ஒவ்வொரு குப்பியிலும் ஆட்டின் அடையாளம், வயது, எடுத்த தேதி, நோய் கண்ட நாள், தடுப்பூசி போட்டதா இல்லையா என்று எழுதினார். கடைசி விவரத்தைக் கேட்டபோதுதான் ஆட்டுக்காரம்மாவின் ஞாபகசக்தி உதவியது. எந்தக் குட்டி எந்தப் பெட்டைக்கு எப்போது பிறந்தது என்று ஒரு தாளும் பார்க்காமல் சொன்னார்.

குப்பிகள் ஐஸ் கட்டி வைத்த பெட்டிக்குள் போயின. இந்த வைரஸ் பார்ப்பதற்குத்தான் பயங்கரம். உடம்புக்கு வெளியே வந்தால் வெயிலும் சூடும் அதைச் சீக்கிரம் அழித்துவிடும். கொட்டிலுக்கு அது நல்லது. பரிசோதனைக்கு அதுவே கேடு. தூத்துக்குடி வெயிலில் குப்பியைச் சட்டைப்பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனால், லேபுக்குப் போய்ச் சேர்வது வெறும் தண்ணீர்தான். 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில், ஒன்றிரண்டு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அன்று மாலையே பெட்டி மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கிளம்பியது.

குப்பிக்குள் என்ன தேடுகிறார்கள்?

ஆய்வகத்தில் முதலில் செய்வது பெரும்பாலும் எலைசா. 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்று. ஆட்டுக்கொல்லி வைரஸின் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் குழிகளில் பூசப்பட்டிருக்கும். மூக்குச்சளி கரைந்த திரவத்தை ஊற்றினால், வைரஸ் புரதம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் இன்னொரு எதிர்ப்பொருள், நிறம் தரும் பொருள் என்று அடுத்தடுத்துச் சேர்த்துக் கழுவுவார்கள். நிறம் வந்த குழி நோய் உள்ளது. தட்டு ஏறிவிட்டால் சில மணி நேர வேலைதான். இதற்கான பரிசோதனைத் தொகுப்பை உத்தராகண்ட் மாநிலம் முக்தேஸ்வரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் நம் நாட்டிலேயே உருவாக்கினார்கள்.

அடுத்தது பி.சி.ஆர். கொரோனா காலத்தில் இந்தப் பெயரைக் கேட்காத ஆள் இல்லை. அதே முறைதான் இதுவும். ஆட்டுக்கொல்லி வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. வகையைச் சேர்ந்தது. அதைச் சளியிலிருந்து பிரித்து, டி.என்.ஏ.வாக மாற்றி, ஒரு குறிப்பிட்ட துண்டைத் திரும்பத் திரும்ப நகல் எடுப்பார்கள். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் நான்காகும், பத்தாவது சுற்றில் ஆயிரத்தைத் தாண்டும். இப்படி ஏறக்குறைய 40 சுற்று. கைப்பிடி விதையை ஊரெல்லாம் விதைத்துப் பெருக்குகிற மாதிரிதான். வைரஸ் மிகக் குறைவாக இருந்தாலும் பி.சி.ஆரில் அகப்பட்டுவிடும்.

மகனுக்கு இங்கே ஒரு சந்தேகம் வந்தது. "ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிஞ்சிராதா?" தெரியும், ஆனால் குழப்பமும் வரும். ரத்தத்தில் தேடுவது எதிர்ப்பொருள் என்றால், தடுப்பூசி போட்ட ஆட்டிலும் அது இருக்கும், நோய் வந்து பிழைத்த ஆட்டிலும் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது. மூக்குச்சளியில் தேடுவது வைரஸையே. 'இன்றைக்கு இந்த ஆட்டின் உடம்பில் நோய்க்கிருமி இருக்கிறதா' என்ற கேள்விக்கு அதுதான் நேரான பதில்.

வாசலில் வந்து நின்ற வியாபாரி

மாதிரி போன மறுநாள் காலை கொழுந்தன் வந்தார். கூடவே ஒரு ஆட்டு வியாபாரி. "மதினி, இருக்கிறதை எல்லாம் மொத்தமா எடுத்துக்கிடுறேங்காரு. பாதி விலைதான். ஆனா முழுசாப் போறதுக்கு இது தேவலைல்லா?"

மகனுக்கும் அதுதான் சரியென்று பட்டது. முடிவு வர இன்னும் எத்தனை நாள் ஆகுமோ. வந்தபிறகு ஊருக்கே தெரிந்துவிட்டால் வாங்க ஒருத்தரும் வரமாட்டார்கள். குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். நர்ஸிங் காலேஜுக்கு மாசிக்குள் பணம் கட்ட வேண்டும்.

ஆட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, அந்த ரெண்டு குட்டியை எனக்கு வித்தவளும் இப்படித்தான் நினைச்சிருப்பா" என்றார். "அவ தள்ளிவிட்டது என் கொட்டில்ல வந்து நிக்கி. நான் தள்ளிவிட்டா அது யார் வீட்டுக்குப் போகும்? பரிசோதனைக்குப் போயிருக்கு. பதில் வரட்டும்." வியாபாரி போய்விட்டார். மகன் அன்று சாப்பிடாமலே வேலைக்குக் கிளம்பினார்.

அந்த ஒரு வாரம் லேசானது இல்லை. நோய் கண்ட ஆடுகளைத் தெற்குப் பக்கம் வேலி அடைத்துத் தனியாகக் கட்டினார்கள். நல்ல ஆடுகளுக்கு முதலில் தீவனம் வைத்துவிட்டு, கடைசியாகத்தான் நோய் ஆடுகளிடம் போக வேண்டும் என்பது டாக்டரம்மா போட்ட கட்டளை. தண்ணீர்த் தொட்டி தனி, வாளி தனி. மேய்ச்சலுக்கு எதையும் அவிழ்க்கவில்லை. கருவை நெற்றும் உளுந்தங்கொடியும் சுமந்து வந்து போட்டார்கள். இறந்த ஆடுகளை ஓடையில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். 12 இளம் ஆடுகளில் 10 நோய் கண்டன. 7 இறந்தன. மற்ற மூன்றும் எலும்பும் தோலுமாகத் தேறின. தடுப்பூசி போட்டிருந்த 9 ஆடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆறாம் நாள் முடிவு வந்தது. நான்கு ஆடுகளில் மூன்றில் ஆட்டுக்கொல்லி வைரஸ் இருந்தது. நாலாவது ஆட்டில் 'இல்லை' என்று இருந்தது. அந்த நாலாவதுதான் மகன் தூக்கி வந்த, நோய் முற்றிச் சளி காய்ந்துபோன ஆடு. அதை மட்டும் அனுப்பியிருந்தால் 'பனிச்சளிதான்' என்று ஊர் நிம்மதியாகப் படுத்திருக்கும்.

காகிதத்தில் முடிவு வந்ததும் வேலை வேகமானது. சுற்றியுள்ள ஊர்களில் நல்ல ஆடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட ஆள் வந்தது. ஊசி போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும் என்பதால், அதுவரை சந்தைக்குப் போகக் கூடாது என்று ஊரில் தண்டோரா போட்டார்கள். அந்த ஊரில் ஆட்டுக்காரம்மா வீட்டைத் தாண்டி நோய் கண்டது இரண்டே வீட்டில். அந்த இரண்டும் அதே ஓடையில் மேய்ந்த ஆடுகள்.

அவர் இழந்தது ஏழு ஆடு. மகளின் பணத்துக்குக் கிடாவில் ஒன்றை, எல்லாம் அடங்கிய பிறகு பங்குனியில் விற்றார். முழு விலை கிடைத்தது.

முதலில் கண்டுபிடித்ததும் தமிழ்நாட்டில்தான்

ஆட்டுக்கொல்லி நோயை உலகில் முதன்முதலில் 1942-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் பதிவு செய்தார்கள். இந்தியாவில் அது முதலில் உறுதிசெய்யப்பட்டது 1987-ல், அப்போதைய தென்னார்க்காடு மாவட்டத்தில் விழுப்புரம் பக்கத்து அரசூரில், செம்மறி ஆடுகளில். அதுவரை ஆட்டுக்கு இப்படி வந்தால் மாட்டுக்கு வரும் வெக்கை நோய்தான் ஆட்டுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். இரண்டு வைரஸும் அண்ணன் தம்பி மாதிரி. அறிகுறியை வைத்துப் பிரிக்க முடியாது. ஆய்வகத்தில் மரபுப்பொருளைப் பார்த்துத்தான் 'இது வேறு' என்று பிரித்தார்கள்.

அந்த வித்தியாசம் தெரிந்ததால்தான் ஆட்டுக்கென்று தனித் தடுப்பூசி வந்தது. முக்தேஸ்வரில் உருவாக்கிய 'சுங்க்ரி 96', தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'அரசூர் 87', 'கோயம்புத்தூர் 97' ஆகிய மூன்றும் நம் நாட்டு ஆடுகளில் எடுத்த வைரஸிலிருந்தே வந்தவை. ஏதோ ஒரு கிராமத்தில் யாரோ ஒருவர் தன் நோயுற்ற ஆட்டிலிருந்து மாதிரி எடுக்கச் சம்மதித்ததால் கிடைத்தவை. வெக்கை நோய் 2011-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக நாடுகள் 2015-ல் இலக்கு வைத்திருக்கின்றன. நோய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதை ஒழிக்க முடியாது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 14.89 கோடி வெள்ளாடுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஐந்து, பத்து, இருபது என்று சிறு விவசாயிகள் வீட்டிலும் நிலமற்றவர்கள் வீட்டிலும் நிற்பவை. 'எங்க வீட்டு ஆட்டுக்குக் காய்ச்சல்' என்று அவர்கள் வாய் திறந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். 2009-ல் வந்த கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் ஆட்டுக்கொல்லி இருக்கிறது. சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டியது ஆடு வைத்திருப்பவரின் கடமை என்கிறது அந்தச் சட்டம்.

ஆடு வளர்ப்போர் அடிக்கடி கேட்பவை

எப்போது மூக்கு மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும்? ஒரே வாரத்தில் இரண்டு மூன்று ஆடுகளுக்கு மேல் காய்ச்சலோடு மூக்கு ஒழுகினால், அதோடு வாய்ப்புண்ணோ கழிச்சலோ சேர்ந்தால், புதிதாக ஆடு வாங்கி வந்த சில நாள்களில் சளி தொடங்கினால் தாமதிக்கக் கூடாது. சளி தண்ணீராக இருக்கும்போதே மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். தடுப்பூசி போட்ட பட்டி என்பதற்காக விட்டுவிடக் கூடாது. அதன்பிறகு பிறந்தவையும் வாங்கி வந்தவையும் அந்தக் கணக்கில் வராது.

மூக்குச்சளி எல்லா நோய்க்கும் போதுமா? போதாது. செம்மறிக்கு முகமும் உதடும் வீங்கி, காலும் நொண்டினால் அது நீலநாக்கு நோயாக இருக்கலாம். அதற்கு ரத்த மாதிரி வேண்டும். ஆட்டம்மைக்குத் தோலில் உள்ள பொருக்கு வேண்டும். எதை எடுப்பது என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு எச்சரிக்கை மிக முக்கியம். நோவே தெரியாமல் நின்ற ஆடு திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக இருக்கக்கூடும். அதை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. மனிதருக்கும் அது தொற்றும்.

ஆட்டுக்கொல்லி மனிதருக்கு வருமா? வராது. ஆனால் நோய் ஆட்டைத் தொட்ட கையும் துணியும் செருப்பும் அதை அடுத்த கொட்டிலுக்குக் கொண்டுபோகும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், வைரஸ் தாங்காது.

'இல்லை' என்று முடிவு வந்தால் நிம்மதியாக இருக்கலாமா? ஒரே ஆட்டில் எடுத்து 'இல்லை' என்று வந்தால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. புதிதாகக் காய்ச்சல் கண்ட மூன்று நான்கு ஆடுகளில் எடுத்திருந்தால் முடிவுக்கு வலு அதிகம்.

நாமே எடுத்து அனுப்பலாமா? வேண்டாம். மாதிரியை மருத்துவரோ கால்நடை ஆய்வாளரோதான் எடுக்க வேண்டும். மருந்தகம் தொலைவில் இருந்தால் 1962 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அவர்கள் வருவதற்குள் நோய் கண்ட ஆட்டைத் தனியே கட்டுவதும், எந்த நாளில் எந்த ஆட்டுக்குத் தொடங்கியது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பதும் வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

சந்தை ஆட்டைக் கொட்டிலில் எப்போது சேர்ப்பது? குறைந்தது மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்துப் பார்த்த பிறகு. தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்க வேண்டும். தடுப்பூசி போடாத ஆடு என்றால், காய்ச்சல் சளி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு அந்த நாள்களிலேயே போட்டுவிடலாம். ஒரு தடவை போட்டால் மூன்று வருஷம் வரை காக்கும். சொந்தக் குட்டிகளுக்கு நான்கு மாதம் ஆனதும் போட வேண்டும். முகாம் வரும் வரை காத்திராமல், குட்டி போட்ட தேதியைச் சொல்லி மருந்தகத்தில் பெயர் கொடுத்து வைத்தால், அடுத்த தடவை மருந்து வரும்போது அவர்களே கூப்பிடுவார்கள்.